கசியாத ஓட்டை

‘தேறவில்லை’ என்பதுதான் நம் வட்டத்தில் ஒரு கவிதையைப் பற்றி அதிகமாகப் புழங்கும் தீர்ப்பு. கொஞ்சம் தாட்சண்யம் உள்ளவர்கள் ‘எழும்பவில்லை’ என்பார்கள். கவிதை நின்றுவிட்டது என்பதை இரண்டு சொற்களும் தெரிவிக்கின்றன. எங்கே நின்றது என்பதை இரண்டும் தெரிவிப்பதில்லை. எங்கே என்று கேட்டால், கேட்டவனுக்கு ரசனை போதாது என்கிற பார்வைதான் பதிலாகக் கிடைக்கும். ரசனை உள்ளவனுக்குச் சொல்லாமலே தெரியும், இல்லாதவனுக்குச் சொன்னாலும் தெரியாது. விமர்சகனுக்கு வெகு சௌகரியமான ஏற்பாடு இது. எழுதியவனுக்கு இதனால் காலணா பிரயோஜனம் கிடையாது.

இதைப் பற்றிப் பல வருஷங்களாகப் புத்தகங்களின் வழியாகவே யோசித்து வந்திருக்கிறேன். ஆங்கிலம் எடுத்து பி.ஏ. படித்தவனுக்கு அதுதான் பழகிய வழி. சென்ற ஜனவரியில் வேறொரு வழியில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. ஸ்டார்ட் ஆகாத ஒரு பழைய பிக்கப் வண்டியும், அதைச் சுற்றி நின்ற ஆறு பேரும், நாற்பது நிமிஷமும் அதற்குக் காரணம். அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

*

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை அருவங்காட்டில். குடியிருப்பு ஜெகதளாவில். பெயர்ப்பலகையில் பேரூராட்சி என்று இருந்தாலும் ஊர் இன்னமும் படுகர் ஹட்டிதான்: தோளோடு தோள் ஒட்டிய வரிசை வீடுகள், சுற்றிலும் தேயிலை, பள்ளத்தில் காரட்டும் முட்டைக்கோசும். உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீட்டரைத் தாண்டும். ஜனவரிப் பின்னிரவுகளில் புல்லின்மேல் உறைபனி உப்புப் போலப் படிந்திருக்கும்.

இந்த ஊரில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. முகம் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து ஒரு கல். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் கல்லை நகர்த்தி, இரண்டாம் கியரில் போட்டு, வண்டி உருள ஆரம்பித்ததும் கிளட்சை விட்டால் போதும். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. செருப்பைத் திண்ணைக்குக் கீழே விடுகிற மாதிரி, வண்டியை இறக்கம் பார்த்து விடுகிறார்கள்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அந்த பிக்கப் நிற்கும். வயது இருபதுக்கு மேல். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் சமாசாரம் எதுவும் அதில் கிடையாது. சொந்தக்காரரே ஓட்டுகிறார். தன் காரட்டோடு அக்கம்பக்கத்தார் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, வாரத்தில் நாலைந்து நாள் விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். பர்லியார் வழியாக வளைந்து வளைந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இறங்க வேண்டும். ஏலம் நடக்கையில் போய்ச் சேர்ந்த காரட்டுக்கு ஒரு விலை. முடிந்தபின் போன காரட்டுக்குக் கேட்கிறவன் வைத்த விலை. கழுவிய காரட் ரொம்ப நேரம் காத்திருக்கவும் காத்திருக்காது. ஐந்து வீட்டு மூட்டைகள் மேலே இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அது ஒருவருடைய கஷ்டமாக நிற்பதில்லை.

அன்று மணி நாலு இருக்கும். செல்ஃப் சுற்றுகிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். நன்றாகத்தான் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றியது. மறுபடியும். நாலாவது தடவை நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெருவுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே நான்கு பேர் நின்றார்கள். எல்லோரிடமும் காரணம் இருந்தது.

பேட்டரி என்றார் ஒருவர். அவர் தன் ஜீப்புக்கு முந்தின மாதம்தான் பேட்டரி மாற்றியிருந்தார். பம்ப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். அவருடைய வண்டியின் பம்ப் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கடையில் கழற்றிக் கிடந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றான் ஒரு பையன். அவனுக்கும் அப்படி ஒரு பூர்வ அனுபவம் இருந்தது. குளிர்தான் காரணம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். குளிர் எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொருவரும் தன் வண்டி கடைசியாக நின்ற காரணத்தையே இந்த வண்டிக்கும் சொன்னார்கள் என்பதை நான் அப்போதே கவனித்தேன். எனக்குப் பரிச்சயமான காட்சி அது. கடைசியாகப் படித்த புத்தகத்தை வைத்து அடுத்த கவிதையைப் பார்க்கிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. எக்ஸிஸ்டென்ஷியலிசம் படித்த மாதத்தில் எல்லாக் கதைகளிலும் அந்நியமாதல் தெரியும். ஸ்ட்ரக்சுரலிசம் படித்த மாதத்தில் அதே கதைகளில் இரட்டை எதிர்வுகள் தெரியும். கதைகள் என்னவோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

*

மேல்வரிசையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். எழுபது வயது இருக்கலாம். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து கை மட்டும் வெளியே வந்தது. வண்டிக்காரர் அவரை மாமா என்று கூப்பிட்டார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது படுகு. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியைப் பெரியவர் பிற்பாடு எனக்குத் தமிழில் சொன்னார். ‘பேங்க் சாருக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், சாவியிலிருந்து வண்டிக்காரரின் கையை எடுக்கச் சொன்னது. ‘இப்படியே சுத்திட்டிருந்தா பேட்டரியும் செத்துரும். அப்புறம் யாரைக் கேக்கறது?’ ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பதில் சொல்லக்கூடிய நிலையில் மிச்சம் இருப்பது பேட்டரி ஒன்றுதான். அதை அடித்துக் கொன்றுவிட்டால் விசாரணை நடத்த முடியாது.

பிறகு ஒரே ஒரு தடவை, மூன்று எண்ணுகிற நேரம், சுற்றச் சொன்னார். காது எஞ்சின் பக்கம். கண் சைலன்சர் பக்கம். நிறுத்தச் சொன்னார். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் அவர் தெரிந்துகொண்டது என்ன என்பதை எழுத எனக்கு ஒரு பத்தி தேவைப்படுகிறது.

ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கேட்டு, 1897இல் ஆக்ஸ்பர்கில் ஓட்டிக் காட்டிய இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அதன் இடத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக இறுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதற்குள் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே வேண்டியவை மூன்று: எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று இறுக வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும். சுற்றிய வேகம் சரியாக இருந்தது. எனவே பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் கம்பி, செல்ஃப் நான்கும் குற்றமற்றவை. ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் முக்குகிற சத்தம் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் கேட்டது. எனவே காற்று இறுகுகிறது. சைலன்சரில் புகை இல்லை. கடைசி விஷயம்தான் முக்கியம். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்; குளிரும் சேர்ந்தால் உள்ளே சூடு குறைவாகத்தான் எழும். ஆனால் குளிரால் பற்றாத டீசல், பற்றாத டீசலாகவே வெளியே வரும். வெள்ளைப் புகையாக, கண் எரிகிற வாசனையோடு வரும். இங்கே அதுவும் இல்லை. ஆகவே எல்லோரும் ஒத்துக்கொண்ட குளிரும் காரணமில்லை. டீசல் உள்ளே போகவே இல்லை.

வண்டியின் பாதி, மூன்று எண்ணுவதற்குள் வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டது. ஒரு ஸ்பேனர் கூட அதுவரை வெளியே வரவில்லை.

பின்னால் உருட்டி ரிவர்ஸ் கியரில் பிடித்துப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மலையில் அதுவும் செய்வதுண்டு. பெரியவர் மறுத்தார். ‘உருட்டினா செல்ஃப் வேலை நடக்கும். செல்ஃப்தான் நல்லா இருக்கே.’ கோளாறு இல்லாத இடத்தில் உதவி செய்வது வீண் என்பதை இதைவிடச் சிக்கனமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எஞ்சினை நிறுத்துகிற கேபிள் பாதியில் சிக்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை. அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ‘நேத்து ராத்திரி வண்டிய எப்படி நிறுத்தினே?’

வழக்கமான இடத்தில் எதிர்வீட்டுக்காரர் வீட்டு வேலைக்காக மணல் கொட்டியிருந்தார். அதனால் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் முகம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, அப்படியே மூட்டை ஏற்றியிருந்தார்கள்.

‘அப்போ இது நேத்து வந்த கோளாறு இல்லை’ என்றார் பெரியவர்.

*

டீசல் போகிற வழியை இரண்டாகப் பிரிக்கலாம். வண்டியின் நடுவில், சட்டத்தில் தொங்குகிற டாங்கிலிருந்து எஞ்சின் பக்கத்தில் இருக்கிற சின்ன பீட் பம்ப் வரை ஒரு பாதி. பீட் பம்பிலிருந்து பில்டர் வழியாகப் பெரிய பம்புக்கும், அங்கிருந்து நான்கு நாசில்களுக்கும் போவது மறுபாதி. முதல் பாதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது. இரண்டாம் பாதியில் தள்ளப்படுகிறது. தள்ளுகிற பாதியில் எங்காவது விரிசல் விட்டால் டீசல் வெளியே வரும். குழாய் நனையும், தரையில் சொட்டும், வாசனை வரும். குருடனுக்கும் தெரியும். உறிஞ்சுகிற பாதியில் விரிசல் விட்டால் சமாசாரம் வேறு. அங்கே உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. எனவே டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஒரு சொட்டு ஈரம் கூட இருக்காது. குழாய் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். வண்டி நிற்கும்.

வழக்கம்போல் பள்ளம் பார்த்து நிறுத்துகையில் டாங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும். டீசல் தன் கனத்தாலேயே முன்னால் வந்து குழாயில் நிறைந்து நிற்கும். விரிசல் இருந்தாலும் தெரியாது. அன்று வண்டி மேட்டைப் பார்த்து நின்றது. டாங்க் கீழே போய்விட்டது. ராத்திரி முழுக்க அந்த விரிசல் வழியாகக் காற்று மெல்ல மெல்ல உள்ளே இறங்க, குழாயில் இருந்த டீசல் டாங்குக்கே திரும்பிவிட்டது. விரிசல் பல மாதங்களாக இருந்திருக்க வேண்டும். ஊர்ச் சரிவு அதை மறைத்து வைத்திருந்தது.

இதெல்லாம் அனுமானம்தான் என்பது பெரியவருக்குத் தெரியும். பில்டர் தலையில் இருக்கிற சின்ன போல்ட்டைத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை அடிக்கச் சொன்னார். நுரை வந்தது. இருபது, முப்பது அடிக்கு நுரை தீர்ந்து தெளிந்த டீசல் வந்தால் பழைய காற்று போய்விட்டது என்று அர்த்தம். அறுபது அடித்தும் நுரை தீரவில்லை. காற்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாதியில்? ஒரு தண்ணீர் பாட்டிலில் டீசலை ஊற்றி, டாங்கிலிருந்து வருகிற குழாயைப் பீட் பம்பிலிருந்து கழற்றிவிட்டு, வேறொரு துண்டு ஹோஸ் வழியாக பாட்டிலிலிருந்து நேரே பம்புக்குக் கொடுத்தார். பையன் பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டான். பத்து அடியில் நுரை நின்றது. செல்ஃப் சுற்றிய இரண்டாவது நொடியில் எஞ்சின் பிடித்தது. கொஞ்சம் வெண்புகை தள்ளிவிட்டு நிதானத்துக்கு வந்தது.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பெரியவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பாட்டிலை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போக முடியாது. டாங்கிலிருந்து வருகிற இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடத்தில், கிளிப்புக்கு அடியில், ஹோஸின் நுனி கட்டைபோல் இறுகியிருந்தது. வளைத்துக் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில் மயிரிழை போல மூன்று வெடிப்புகள். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஏற்றிக் கிளிப்பை முறுக்கினார். புதிதாக ஒரு பைசா சாமானும் போடவில்லை. ஐந்தேகாலுக்கு வண்டி இறங்கியது. ஏலம் முடிவதற்குள் போய்விட்டதாகவும் விலை சுமார்தான் என்றும் மறுநாள் வண்டிக்காரர் சொன்னார்.

*

ஒரு உவமையை ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டு போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கசியாத ஓட்டை என்னை விடவில்லை.

நம்முடைய விமர்சனம் பெரும்பாலும் தள்ளுகிற பாதியிலேயே நடக்கிறது. அங்கேதான் ஈரம் தெரிகிறது. படிமம் சிதறுகிறது, வரி தொங்குகிறது, ஒரு வடசொல் துருத்திக்கொண்டிருக்கிறது, கடைசி அடி உபதேசமாகிவிட்டது. இவையெல்லாம் கண்ணில் படுகிற கசிவுகள். சுட்டிக்காட்டலாம், எழுதியவனும் துடைத்துவிடுவான். இருபது வருஷமாக இப்படித் துடைத்துத் துடைத்து, இன்று நம் பத்திரிகைகளுக்கு வருகிற கவிதைகளில் ஈரம் படிந்த இடமே அபூர்வமாகிவிட்டது. சொல் சிக்கனம் இருக்கிறது. படிமம் ஒழுங்காக நிற்கிறது. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆனால் எழும்புவதில்லை. ஓட்டை உறிஞ்சுகிற பக்கத்தில் இருக்கிறது. கவிஞன் எதிலிருந்து எடுக்கிறானோ அந்த இடத்துக்கும் அவனுக்கும் நடுவில் காற்று புகுந்திருக்கிறது. வெளியே ஒன்றும் சொட்டாததால், விமர்சகன் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு ‘கச்சிதம்’ என்று எழுதிவிடுகிறான். அல்லது ‘தேறவில்லை’ என்று எழுதிவிடுகிறான்.

இது ஏன் முன்பே தெரிவதில்லை என்றால், நம் வண்டிகள் எல்லாம் பள்ளம் பார்த்து நிற்கின்றன. ஒரு சிறுபத்திரிகையை முந்நூறு பேர் படிக்கிறோம். எழுதுகிறவனும் படிக்கிறவனும் ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள். ஒரே டீக்கடையில் நின்றவர்கள். ‘அறை’ என்று ஒருவன் எழுதினால் எந்த மாதிரி அறை, எந்த மாதிரித் தனிமை என்று மற்றவனுக்கு முன்கூட்டியே தெரியும். கவிதை கொண்டுவராததை வாசகனின் சிநேகம் கொண்டுவந்து குழாயை நிரப்பிவிடுகிறது. இந்தச் சரிவை நான் பழிக்கவில்லை. அது இல்லாமல் நம்மில் பலர் எழுதவே ஆரம்பித்திருக்க மாட்டோம். ஆனால் சரிவு செய்கிற வேலையைக் கவிதை செய்வதாக எண்ணிக்கொள்வது வேறு. முன்னுரைகளைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். முன்னுரை என்பது தள்ளி விடுவது. தள்ளினால் செல்ஃப் வேலை நடக்கும்.

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் செய்தது, வண்டியைத் திருப்பி மேடு பார்த்து நிறுத்தியதுதான். 13 கவிதைகளை எழுதியவர் பெயர் இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை ஆராய்ந்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ புத்தகத்தை வெளியிட்டார். படித்த மாணவர்கள் நல்ல கவிதைகளை நிராகரித்து மட்டமானவற்றைப் பாராட்டினார்கள் என்கிற வேடிக்கையை மட்டும் நம் வகுப்பறைகளில் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது அவர் அதற்குப் பிறகு செய்தது. வாசிப்பு எங்கெங்கே தடைபடுகிறது என்று பத்து இடங்களைப் பிரித்துக் காட்டினார்: நேரான அர்த்தமே பிடிபடாதது, சொந்த ஞாபகங்கள் குறுக்கே வருவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சி கிளம்பிவிடுவது, கொள்கைப் பிடிப்பு மறைப்பது என்று. ஹோஸ் வெடித்திருப்பது வாசகனிடமாகவும் இருக்கலாம் என்பதை அவர் விட்டுவிடவில்லை.

தமிழில் இந்த வழக்கு நமக்குப் புதிதில்லை. 1959 ஜனவரியில் ‘எழுத்து’வைத் தொடங்கி 1970 வரை நடத்திய சி.சு. செல்லப்பா அலசல் வேண்டும் என்றார். பக்கம் பக்கமாக அலசியும் காட்டினார். க.நா.சு.வுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரசனை தேர்ந்தெடுக்கும், பெயர்ப் பட்டியல் போதும் என்கிற கட்சி அவருடையது. இன்றுவரை நம்மில் ஒவ்வொருவரும் இந்த இரண்டில் ஒரு வரிசையில் நின்றுகொண்டிருக்கிறோம். அன்று காலை எனக்குப் பட்டது, இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும் என்பதுதான். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் பெரியவர் கேட்டது ரசனை. நன்றாக ஸ்டார்ட் ஆன ஆயிரக்கணக்கான எஞ்சின்களைக் கேட்ட காது அது. புத்தகம் படித்து வராது. க.நா.சு. சரி. ஆனால் அவர் கேட்டதோடு வீட்டுக்குப் போகவில்லை. பாட்டில் பிடித்து நிரூபித்தார். செல்லப்பாவும் சரி. பிரித்துப் போடத் தெரிந்து, எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரியாதவன் எஞ்சினையே இறக்கி வைத்துவிடுவான். நம் அலசல் கட்டுரைகள் சிலவற்றில் தெருவெல்லாம் நட்டும் போல்ட்டுமாக இறைந்து கிடப்பது அதனால்தான்.

*

கவிதை என்ன இயந்திரமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டி ஸ்டார்ட் ஆனது தெருவுக்கே தெரியும்; கவிதை எழும்பியதற்கு அப்படி ஒரு பொதுச் சாட்சி கிடையாது. இந்த வித்தியாசத்தை எந்த உவமையும் கடக்க முடியாது. நான் ஒப்பிடுவது கவிதையையும் வண்டியையும் அல்ல, அவற்றின் முன்னால் நிற்கிற இரண்டு ஆட்களின் ஒழுக்கத்தை. தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. சாட்சியைக் கொல்லாமல் இருப்பது. இவை மெக்கானிக்குக்கு மட்டும் உரியவை அல்ல.

என்னுடைய உத்தியோகத்திலேயே இது ஒரு காலத்தில் இருந்தது. கையால் லெட்ஜர் எழுதிய நாட்களைப் பற்றி ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் கணக்கு இடித்தால், முதலில் வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்களாம். மீதியின்றி வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும்: 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. இரண்டால் வகுபட்டால், பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார்கள். நூறு பக்கம் புரட்டுவதற்குமுன் பிழையின் ஜாதியைத் தெரிந்துகொள்கிற வழி அது. இன்று கம்ப்யூட்டர் இடிப்பதே இல்லை. அந்தக் கலை போய்விட்டது. வண்டிகளிலும் அப்படித்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண் வருகிறது. வசதிதான். ஆனால் அந்த எண்ணும் ஒரு சாட்சியம்தான், தீர்ப்பு இல்லை என்று பெரியவர் சொன்னார். எந்த சென்சார் புகார் செய்கிறது என்பதைத்தான் அது சொல்லும். புகார் ஏன் வந்தது என்று ஒருவன் போய்ப் பார்த்தாக வேண்டும். கோட்பாட்டுப் பெயர்களை எண்கள் மாதிரி ஒட்டிவிட்டு நகர்கிற கட்டுரைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

ஹைடெக்கர் 1927இல் எழுதியதில் ஒரு பிரபலமான கருத்து உண்டு. கருவி ஒழுங்காக வேலை செய்யும்வரை அது நம் பார்வையில் படுவதில்லை; உடைந்த பிறகுதான் பொருளாகத் தெரிகிறது. புதிய வண்டிக்கு இது சரி. பழைய வண்டிக்காரனுக்குச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு வண்டி ஒருநாளும் பார்வையிலிருந்து மறைவதில்லை. ஏற்றத்தில் ஒரு சத்தம், இறக்கத்தில் ஒரு வாசனை என்று தினமும் அதைப் பாதி காதால் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மொழியைக் கையாளுகிறவனின் நிலைமையும் இதுதான் என்று நினைக்கிறேன். தமிழ் நமக்கு ரொம்பப் பழைய வண்டி.

*

இதையெல்லாம் எழுத வேண்டி வந்ததற்கு ஒரு உடனடிக் காரணம் உண்டு. நண்பர் ஒருவரின் முதல் தொகுப்பு ஆறு மாதமாக என் மேஜையில் இருக்கிறது. மதிப்புரை கேட்டிருந்தார். பதினைந்து வருஷ சிநேகம். நாற்பத்திரண்டு கவிதைகள்; ஒன்றிலும் ஈரமான இடம் இல்லை. எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் நாலைந்து கவிதைகளைப் பெயரில்லாமல் எழுதி, செய்தித்தாள் மட்டும் படிக்கிற என் வங்கித் தோழர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். மூன்றைப் பற்றி, ‘நல்லாத்தான் இருக்கு’ என்றார். ஒன்றை மட்டும் திரும்ப எடுத்து, ‘இவர் மில்லில் வேலை பார்த்தவரா?’ என்று கேட்டார்.

நண்பர் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மற்ற நாற்பத்தொரு கவிதைகளில் மில் இல்லை. இல்லாதது குற்றமில்லை, மில்லைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போடுகிற கட்சியில் நான் சேர்ந்தவனல்ல. ஆனால் அந்த ஒரு கவிதையில், இரவு ஷிப்டில் அறுந்த நூலை விரலால் தேடி முடிகிற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனின் வாக்கியம், அவர் மூச்சின் நீளத்தில் இருக்கிறது. மற்றவற்றில் வாக்கியத்தின் நீளம் நம் பத்திரிகைகளின் நீளம். மழையும் ஜன்னலும் காக்கையும் நம்முடைய பழைய இதழ்களிலிருந்து வந்தவை. விரிசல் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

மதிப்புரையாக எழுதாமல் கடிதமாக எழுதினேன். எந்தக் கவிதையில் எந்த வரியிலிருந்து காற்று புகுகிறது என்று வரிவரியாகக் குறித்து, அந்த மில் கவிதையைப் பக்கத்தில் வைத்து, நீங்களே இரண்டையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. வராமலும் போகலாம், பதினைந்து வருஷம் பள்ளம் பார்த்து நிறுத்திய சிநேகத்தை நான் திடீரென்று மேட்டைப் பார்க்கத் திருப்பியிருக்கிறேன்.

நான் குறித்த இடம் சரியாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவர் அந்த வரிகளைப் படித்துப் பார்த்து, இங்கே காற்று இல்லை என்று எனக்குக் காட்ட முடியும். நானும் வேறு இடத்தில் தேடுவேன். ‘தேறவில்லை’ என்று எழுதியிருந்தால் அவருக்கு அந்த வழி இருந்திருக்காது.